1,650 யென்னுக்கு ஒரு தட்டு பழுப்பரிசிச் சோறு: டோக்கியோவில் ஒரு மேக்ரோபயாட்டிக் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாப்பாடு நன்றாக இருந்தது. மூன்று முறை போய்விட்டேன், நாலாவது முறையும் போவேன். ஆனால் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் பெயர், வழி எல்லாம் போட்டிருப்பேன். அதே கடையில் நடந்த சமையல் வகுப்பில் காதில் விழுந்த ஒரு பேச்சால்தான் இந்தத் தயக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நிஷி கசாயில். டோக்கியோவில் இந்தியர்கள் கூட்டமாக வசிக்கும் பகுதி, தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. அங்கிருந்து தோசாய் லைனில் மிதாகா வரை போகும் வண்டியாகப் பார்த்து ஏறினால் மாறாமல் கொள்ளாமல் நிஷி ஓகிகுபோவில் இறங்கலாம். பழைய சாமான் கடைகளும் சந்துபொந்துகளும் நிறைந்த இடம். ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை, ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது கடை. பதினான்கு பேர் உட்காரலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நமக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை.

எதற்காக அவ்வளவு தூரம் போனோம் என்றால், எல்லாம் இடுப்பு செய்த வேலை. ஜப்பானில் 2008 முதல் நாற்பது வயது ஆனவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் டேப் வைத்து இடுப்பையும் அளக்கிறார்கள். ஆண்களுக்கு 85 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை, அதற்கு 'மெதாபோ' என்று செல்லப்பெயர் வேறு. எனக்கு 93. மூன்று மாத சராசரி சர்க்கரை 7.1. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆபீசில் பக்கத்து சீட்டில் இருக்கும் ஜப்பானியப் பெண்மணி, ரொம்ப நாளாக என் டிபன் பாக்ஸை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் மெல்ல "மேக்ரோபி சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றார். தானியத்தையும் காய்கறியையும் முக்கியமாக வைக்கும் மேக்ரோபயாட்டிக் உணவுமுறையை இங்கே சுருக்கி அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணம் என் மனைவி. அவள் சுத்த சைவம். ஜப்பானில் சைவமாக இருப்பது என்ன பாடு என்று இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காய்கறிதானே என்று வாங்கினால் அதை வேகவைத்த 'தாஷி' சாற்றில் மீன் இருக்கும். கத்சுவோ என்கிற மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிப் போட்ட சாறு அது. மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், சோபா நூடுல்ஸ், கீரை மசியல், எல்லாவற்றிலும் அது ஒளிந்துகொண்டிருக்கும். கேட்டால் "மீன் இல்லை, தாஷி மட்டும்தான்" என்பார்கள், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல். மேக்ரோபயாட்டிக் கடைகளில் பெரும்பாலும் இந்தச் சாற்றைக் 'கொம்பு' என்கிற கடற்பாசியிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும் எடுக்கிறார்கள். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் மேக்ரோபயாட்டிக் என்றாலே சைவம் இல்லை. எப்போதாவது வெள்ளை மீன் சாப்பிடலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, சில கடைகளில் மீன் தட்டும் உண்டு. கேட்டுவிட்டு உட்காருங்கள். நாங்கள் போன இடத்தில் மீன் வாசனையே கிடையாது. பத்து வருஷத்தில் முதல்முறையாக மனைவி ஒரு ஜப்பானியக் கடையில் எதையும் கிளறிப் பார்க்காமல் சாப்பிட்டாள். என்னைக் கேட்டால் 1,650 யென்னில் பாதி அதற்கே சரியாகிவிட்டது.

தட்டில் என்ன வந்தது என்று சொல்லவில்லையே. நடுவில் பழுப்பரிசிச் சோறு, உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு இருக்கும் அரிசி, கென்மாய் என்பார்கள். ராத்திரியே ஊறவைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பிரஷர் குக்கரில் வைத்தது. குண்டரிசி ஆனதால் லேசாக ஒட்டும், கடித்தால் கொட்டைபோல ஒரு வாசனை. அதன்மேல் கோமாஷியோ, அதாவது வறுத்த எள்ளும் உப்பும் சேர்த்துப் பொடித்த பொடி. எள் எட்டுப் பங்கு, உப்பு இரண்டு பங்கு என்றார்கள். நம் எள்ளுப்பொடியில் மிளகாயையும் பெருங்காயத்தையும் எடுத்துவிட்டால் என்ன இருக்குமோ அதுதான். பக்கத்தில் மிசோ சூப். ஒரு கிண்ணத்தில் ஹிஜிகி, கறுப்பாகத் தேயிலைத்தூள் ஊறியது மாதிரி இருக்கும் கடற்பாசி. இன்னொன்றில் பரங்கிக்காயும் அட்ஸுகிப் பயறும் சர்க்கரை போடாமல் குழைய வேகவைத்தது, அந்தக் காயின் இனிப்பே போதும் போதும் என்று இருக்கிறது. தாமரைக்கிழங்கைத் துருவி உருட்டிப் பொரித்த இரண்டு உருண்டைகள். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் இரண்டே துண்டு. கடைசியில் மூன்று வருஷம் வளர்ந்த செடியின் தண்டையும் இலையையும் வறுத்துப் போட்ட டீ, கிட்டத்தட்ட கட்டைபோல வாசனை, பாலும் கிடையாது சர்க்கரையும் கிடையாது.

தட்டில் இருந்த இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், கின்பிரா. கோபோ என்று ஒரு வேர்க்கிழங்கு இருக்கிறது, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, மண்ணிலிருந்து பிடுங்கிய குச்சி மாதிரி இருக்கும். அதையும் கேரட்டையும் தோல் சீவாமல் தீக்குச்சி அளவுக்கு நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, கொஞ்சம் சோயா சாஸ் விட்டு வற்றவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. மண்வாசனை என்று நாம் சும்மா சொல்வோமே, அது நிஜமாகவே வாயில் வந்தது. முதல் தடவை போனபோது இன்னொரு கிண்ணம் காசு கொடுத்தே வாங்கினேன், 300 யென்.

மேஜைமேல் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வாய்ச்சோற்றையும் 30 தடவை மெல்லுங்கள், முடிந்தால் 50 தடவை என்று. நான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு 22இலேயே வாயில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குமேல் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பதற்கு வெட்கமாக இருந்தது, எதிரே ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தார், அவரைப் பார்த்து இன்னும் நாலு தடவை மென்றேன். ஆனால் ஒன்று, வழக்கமாகச் சாப்பிடும் சோற்றில் பாதிதான் உள்ளே போயிருக்கும், வயிறு நிறைந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் முடியும் சாப்பாடு நாற்பது நிமிஷம் ஆனது.

சரி, இது என்ன கணக்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு. பெயர் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது, நீண்ட வாழ்வு என்று அர்த்தம். ஜெர்மானிய மருத்துவர் ஹூஃபலண்ட் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் நாம் சாப்பிட்ட தட்டுக்கு மூலம் ஜப்பான்தான். மெய்ஜி காலத்து ராணுவ மருத்துவர் இஷிசுகா சாகென். உடம்பில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையில் உள்ள சமநிலைதான் ஆரோக்கியம், அது சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று 1896இல் புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த மனிதர் ஏன் பழுப்பரிசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் என்று புரியும். எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, கிராமத்திலிருந்து வந்து தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கி மரத்துப்போகும், ஊருக்குத் திரும்பிப் போனால் சரியாகிவிடும். 'எடோ சீக்கு' என்றே அதற்குப் பெயர். பெரிபெரிதான் அது, தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின் இல்லாததால் வருவது. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பான் ராணுவத்தில் சுமார் 27,000 பேர் குண்டடி படாமல் இந்த நோயிலேயே செத்தார்கள். கடற்படை அதற்கு முன்பே பார்லியைக் கலந்து கொடுத்துத் தப்பித்துவிட்டது, தரைப்படை மருத்துவர்கள் கிருமிதான் காரணம் என்று பிடிவாதமாக இருந்தார்கள்.

அதற்கு அடுத்து வந்தவர் சகுராசாவா யுகிகாசு, கியோட்டோவில் 1893இல் பிறந்தவர். இளம் வயதில் காசநோய் வந்து, இஷிசுகா சொன்ன சாப்பாட்டால்தான் பிழைத்தேன் என்று நம்பியவர். பாரிசுக்குப் போய், ஜார்ஜ் ஓசாவா என்று பெயரை வைத்துக்கொண்டு, இதில் இன், யோ தத்துவத்தை, அதாவது சீனர்களின் யின், யாங்கை ஏற்றி உலகமெங்கும் கொண்டுபோனார். அவருடைய மாணவர் குஷி மிச்சியோ அதை அமெரிக்காவில் பாஸ்டனில் வேரூன்ற வைத்தார். மேற்கே சுற்றிவிட்டு, பாப் பாடகி மடோனாவுக்கு ஜப்பானியப் பெண் ஒருவர் இந்தச் சமையலைச் செய்கிறார் என்ற செய்தியோடு, சொந்த ஊருக்கே நாகரிகமாகத் திரும்பி வந்தது. யோகாவுக்கு நடந்த கதைதான்.

கொள்கை என்று பார்த்தால் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று 'ஷின்டோ ஃபுஜி', உடம்பும் மண்ணும் இரண்டல்ல என்பது. நீ இருக்கும் இடத்தில், அந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிடு. இரண்டாவது 'இச்சிபுட்சு ஸென்டாய்', ஒரு பொருளை முழுசாகச் சாப்பிடு, தோலையும் தவிட்டையும் இலையையும் தூக்கி எறியாதே. மூன்றாவதுதான் இன், யோ. விரிவது, குளிர்வது, இனிப்பது இன். சுருங்குவது, சூடேற்றுவது, உப்பு யோ. சர்க்கரையும் மதுவும் அந்தக் கோடி, இறைச்சியும் முட்டையும் இந்தக் கோடி, நடுவில் தானியம். அதனால் தட்டில் பாதிக்கு மேல் தானியம், கால்வாசிக்குக் கொஞ்சம் கூட காய்கறி, மிச்சத்தில் பயறு, கடற்பாசி, சூப். நம் ஊர் சூடு, குளிர்ச்சியோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள், நான் பார்த்துக் குழம்பினேன். கத்தரிக்காய் நமக்குச் சூடு, இவர்களுக்கு இன், குளிர்விக்கும் காய். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி மூன்றுமே இவர்கள் பட்டியலில் தள்ளிவைக்க வேண்டியவை. சாம்பாரில் என்ன மிச்சம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னேன். விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். இந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வதுபோல, அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஏம்ப்பா, கம்பையும் சோளத்தையும் தின்னு தின்னு தொண்டை காஞ்சு, தீபாவளிக்குத்தான் நெல்லுச்சோறு பார்த்தோம். வெள்ளையா ஒரு வாய் சோறுக்கு உங்க தாத்தா என்ன பாடுபட்டாரு. நீ காசு குடுத்து மறுபடி அங்கயே போறியா" என்றார். எடோவுக்கு வந்த கிராமத்தான் வெள்ளைச் சோற்றைப் பார்த்ததும் ஏன் விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. அப்புறம் அவரே, "கம்பு இப்போ கிலோ என்ன விலை தெரியுமா" என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்.

சர்க்கரைக்கு எப்படி என்று கேட்பீர்கள். என் மீட்டரில் பார்த்ததைச் சொல்கிறேன், என் உடம்புக்கு மட்டும்தான் இது. அந்தச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 168. அதற்கு முந்தைய வாரம் நிஷி கசாயில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பார்த்தது 231. ஆனால் இரண்டாவது முறை போனபோது சோறு இன்னொரு கிண்ணம் இலவசம் என்றார்கள், வாங்கிச் சாப்பிட்டேன், 204 காட்டியது. பழுப்பரிசியும் அரிசிதான். நார் கூடுதலாக இருக்கும், மெதுவாக ஏறும், மாவுச்சத்து என்னவோ கிட்டத்தட்ட அதே அளவு. பாதித் தட்டு தானியம் என்ற கணக்கு சர்க்கரைக்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துவராது.

உப்பையும் கவனியுங்கள். மிசோவில் உப்பு, சோயா சாஸில் உப்பு, எள்ளுப்பொடியில் உப்பு, ஊறுகாயில் உப்பு. உமெபோஷி என்று ஒரு காய் ஊறுகாய் தருவார்கள், பழைய முறையில் போட்டால் காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக உப்பு சேரும். ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் ஆரோக்கிய சாப்பாடுதானே என்று ஏமாந்துவிட வேண்டாம். ஹிஜிகியில் ஆர்சனிக் இருக்கிறது, அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. ஜப்பானில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடத்தான் செய்கிறார்கள். நான் அந்தக் கிண்ணத்தை மட்டும் இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், முகம் சுளிக்காமல் வேறு காய் வைக்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல மார்க்.

இப்போது அந்த வகுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று வகுப்புக்குச் சேர்த்து 13,500 யென், முன்கூட்டியே கட்ட வேண்டும். மனைவியும் நானும் சேர்ந்தோம். முதல் பாதி அருமை. சுரிபாச்சி என்று உள்பக்கம் கோடு கோடாக இருக்கும் மண்கலத்தில் எள்ளை எப்படி அரைப்பது, உப்பை முதலில் வறுத்து அரைத்துவிட்டு எள்ளைப் போட்டு அழுத்தாமல் சுற்றுவது, முக்கால்வாசி எள் உடைந்ததும் நிறுத்துவது, எல்லாம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார் வகுப்பு நடத்தும் அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தோல் பளபளவென்று இருந்தது. கேரட்டை வெட்டும்போதுகூட ஒவ்வொரு துண்டிலும் மேல்பாகமும் கீழ்பாகமும் கொஞ்சம் கொஞ்சம் வருவதுபோலச் சாய்த்து வெட்டச் சொன்னார், முழுசாகச் சாப்பிடுவது என்றால் அதுவும்தான் என்றார். ரசித்தேன்.

டீ குடிக்கும்போதுதான் பேச்சு திரும்பியது. யாரோ என் சர்க்கரையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். "மூன்று மாதம் இதை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம், மருந்து எல்லாம் அதீத இன்" என்றார் அந்த அம்மா சிரித்துக்கொண்டே. அங்கே நிறுத்தியிருந்தால்கூட விட்டிருப்பேன். பக்கத்தில் ஒரு பெண் மார்பில் கட்டி என்று அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். அவளிடம் "அவசரப்படாதே, முதலில் பத்து நாள் வெறும் பழுப்பரிசி சாப்பிட்டுப் பார், ரத்தம் மாறும்" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் "முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் அரிசி" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். பெயரைச் சொன்னால் சாப்பாட்டுக்கு விளம்பரம், கூடவே அந்தப் பேச்சுக்கும் விளம்பரம்.

பத்து நாள் வெறும் அரிசி என்பது அந்த அம்மாவின் கற்பனை இல்லை. ஓசாவா 1960 வாக்கில் எழுதி வைத்த பத்துப் படிகளில் உச்சிப்படி அது, ஏழாம் எண், நூற்றுக்கு நூறு தானியம். தண்ணீரையும் குறைத்துக் குடி என்றார். 1965இல் நியூ ஜெர்சியில் 24 வயதுப் பெண் ஒருத்தி அதைப் பத்து நாளோடு நிறுத்தாமல் ஒன்பது மாதம் போல இழுத்துப்போய்ச் செத்தே போனாள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவுக் குழு 1971இல் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதியது. குஷி வந்த பிறகு படியெல்லாம் போய், தட்டு இப்போது இருப்பதுபோல விரிந்தது, அது நல்லதற்குத்தான். ஆனால் புற்றுநோய்க்கு இதுவே வழி என்ற பேச்சும் அவர் காலத்தில்தான் பெரிதானது. அவர் மனைவி அவெலின் 2001இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் போனார், அவரே 2014இல் கணையப் புற்றுநோயால் போனார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நோய் யாருக்கும் வரும், அதனால்தான் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறோம். ஓசாவா 72 வயதில் போய்விட்டார், அவர் மனைவி லிமா நூறு வயது இருந்தார், அதை வைத்தும் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

குழந்தை வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. நெதர்லாந்தில் எண்பதுகளில் மேக்ரோபயாட்டிக் குடும்பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், வளர்ச்சி குன்றியிருந்தது, பி12 பற்றாக்குறை, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் எல்லாம் வந்திருந்தது. பால், முட்டை, மீன் மூன்றையும் எடுத்துவிட்டால் பி12க்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி, அதை 'இன்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. பெரியவர்களுக்கும் இதேதான்.

இன்னொன்று, ஊரிலிருக்கும் மச்சான் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, மிசோவும் உமெபோஷியும் ஆன்லைனில் வாங்கலாமா, விலை யானை விலை சொல்கிறானே என்று மெசேஜ் போட்டார். கொள்கையை ஒழுங்காகப் படித்தால் அவர் வாங்கவே கூடாது. உடம்பும் மண்ணும் இரண்டல்ல என்றால் சிவகாசியில் இருப்பவருக்கு ஜப்பானியப் புளிப்புக் காய் எதற்கு? சந்தேகத்துக்கு அந்த அம்மாவிடமே கேட்டேன், வெயில் ஊரில் பிறந்தவன் தேங்காய் சாப்பிடலாமா என்று. "உங்கள் ஊரில் இருந்தால் தாராளமாக. இங்கே குளிர்காலத்தில் வேண்டாம்" என்றார். பதில் நேர்மையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மச்சானிடம் எள்ளும் கம்பும் கொள்ளும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரொக்கம் மட்டும்தான், கார்டு கிடையாது. பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள், ஒன்றரை மணிக்குப் போன அன்று சோறு தீர்ந்துபோய் நூடுல்ஸ்தான் கிடைத்தது, அது சுமார். பரிமாற நேரமாகும், ஒரே ஆள்தான் சமைப்பதும் கொண்டுவந்து வைப்பதும். பசியோடு போகாதீர்கள் என்று சொல்ல வந்தேன், சாப்பாட்டுக் கடைக்கு அப்படிச் சொல்வது அபத்தம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன் சாப்பாட்டுக்கு, அந்த ஒன்று கின்பிரா அளவு சின்னதாக இருந்ததற்காகக் குறைத்தது. வகுப்புக்கு மார்க் போட மனசில்லை.

மிச்சம் இரண்டு வகுப்புக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நான் போவதாக இல்லை. மனைவி மட்டும் போகிறேன் என்கிறாள், தவிட்டில் முள்ளங்கி ஊறவைப்பதை அடுத்த மாதம் சொல்லித் தருகிறார்களாம். மறுபடி மாத்திரை, மருந்து என்று ஆரம்பித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் அவ்வளவு ஜப்பானீஸ் புரியாதே, விடுங்க" என்றாள்.